இட்லிக்கடை அக்காவின் நீலப் புருவம்

2024 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். சென்னை தண்டையார்பேட்டையில், புருவத்துக்கு ஊசியால் நிறம் வைக்கும் என் அறை முதல் மாடியில் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஒரு அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். வயது 48. தெருமுனையில் காலையும் மாலையும் இட்லிக்கடை போடுபவர். புருவத்தில் காஜல் பென்சிலை அழுத்தித் தீட்டியிருந்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். அடியில் இருந்த நிறம், பள்ளிக்கூட சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து அரைகுறையாகக் காயவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நீலமும் சாம்பலும் கலந்து, ஓரங்கள் கசிந்து, வால் இரண்டும் கண்ணின் வெளிமூலையைத் தாண்டிக் கீழே தொங்கின. இடது வால் வலதைவிட நாலு மில்லிமீட்டர் தாழ்வு.

"மேலயே கொஞ்சம் கருப்பா போட்டு உட்று கண்ணு. பொண்ணுக்குக் கல்யாணம். இன்னும் அஞ்சு வாரம்தான் கீது."

முடியாது என்றேன். அதிலிருந்து வேலை முடிய பதினான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் சறுக்கினேன், இரண்டுமே நான் கேட்காமல் விட்ட கேள்விகளால். பழைய பர்மனன்ட் மேக்கப்பை, அதாவது ஊசியால் தோலுக்குள் வைத்த நிறத்தை, திருத்தும் வேலையைக் கற்க வருகிறவர்கள், எந்த நிறத்தை எது அடக்கும் என்ற கலர் தியரியைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனவே அக்காவின் அனுமதியோடு இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முன்கதை

2015இல் ஒரு பார்லரில் புருவத்துக்கு முதல் முறை கருப்பு மை போட்டிருக்கிறார். "ரெண்டு வருஷத்துல தானா போயிடும்" என்றிருக்கிறார்கள். வெளுத்ததே தவிரப் போகவில்லை. 2017இல் அதே இடத்தில், அதே கருப்பில், அதன் மேலேயே டச்-அப். என்ன பிக்மென்ட் (நிற மை), என்ன ஊசி, எந்த பிராண்ட் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இவ்வளவும் முதல் நாளே சொன்னார். 2019இல் நடந்த மூன்றாவது வேலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உடம்பைப் பற்றிக் கேட்டேன். சர்க்கரை உண்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. பி.பி. இல்லை. ரத்தம் நீர்க்கும் மாத்திரை இல்லை. காது குத்திய தழும்பு, மூக்குத்தித் தழும்பு, தோள்பட்டையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு மூன்றையும் தடவிப் பார்த்தேன். எதுவும் மேடிட்டு வளரவில்லை. கெலாய்டு இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. தழும்பைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று மாத சராசரியைக் காட்டும் சர்க்கரை டெஸ்ட் எடுத்து வரச் சொன்னேன். 8.6 என்று வந்தது. இந்த அளவில் தோலைக் கிளறினால் புண் ஆறுவது தாமதமாகும். டாக்டரைப் பார்த்து அதைக் குறைத்துவிட்டு வாங்க, அதுவரை ஊசி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதற்காக என்னைவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. இந்த அக்கா போகவில்லை.

கருப்பு ஏன் நீலமாகிறது

அவருடைய மாமியார் கையில் பச்சை குத்தியிருக்கிறார். முன்கையில் புள்ளிக் கோலம், ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. அதைக் காட்டித்தான் விளக்கினேன். குத்தும்போது வைத்தது விளக்குக் கரி, கன்னங்கரேல் கருப்பு. ஆனால் பெயரே பச்சை. தோலுக்குள் போன கருப்பு கருப்பாக இருக்காது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்து, பெயராகவே வைத்துவிட்டார்கள் போலும். மணிக்கட்டில் ஓடும் ரத்தம் சிவப்புதான், மேலிருந்து பார்த்தால் நரம்பு நீலமாகத் தெரிகிறது. அதே கணக்குத்தான். ஆழத்தில் இருக்கும் கரித்துகளை மேல்தோல் வழியாகப் பார்க்கிறோம். சிவப்பு வெளிச்சம் உள்ளே போய் உறிஞ்சப்படுகிறது, நீலம் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஊசி எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு நீலம்.

இன்னொரு காரணம் கலவை. புருவத்துக்கான பழுப்பு நிறம் பெரும்பாலும் ஒரே பொருள் அல்ல. இரும்பு ஆக்சைடின் சிவப்பு, மஞ்சள், அதோடு இரும்புக் கருப்போ கரிக் கருப்போ சேர்த்து ஆக்கியது. எல்லாம் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. கரி அதிகம் சேர்ந்த கலவையில் வெதுவெதுப்பான நிறங்கள் முதலில் போய், கரி மட்டும் தங்கி சாம்பல் பூக்கும். இரும்பு ஆக்சைடே அதிகமென்றால் தலைகீழ். கருப்பும் மஞ்சளும் போய், செங்கல் பொடி தடவினாற்போல் நிற்கும். செங்கல் புருவம் வந்தால் எனக்குப் பாதி நிம்மதி. ஆலிவ் பச்சை கலந்த பழுப்பில் அதை அடக்கிவிடலாம். நீலம் அப்படி இல்லை.

கரி ஏன் போவதில்லை என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தோலுக்குள் இருக்கும் காவல்காரச் செல்கள் அந்தத் துகளை விழுங்கிவிடும், ஆனால் செரிக்காது. அந்தச் செல் செத்தால் பக்கத்தில் வரும் புதுச் செல் அதே துகளை எடுத்து விழுங்கி வைத்துக்கொள்ளும். எலி வாலில் பச்சை குத்தி 2018இல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினார்கள். வாடகைக்காரர் மாறுகிறார், சாமான் அதே வீட்டில் கிடக்கிறது.

மாமியாரிடம், உங்களுடையதையும் எடுக்கணுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான், அத ஏன் எடுக்கணும்" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஏன் மேலே போடவில்லை

நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. அதைக் கலந்த பிக்மென்டை மேலே போட்டால் நீலம் அடங்கிப் பழுப்பாகும். புத்தகத்தில் சரி. பழையது நிழல் போல மெலிந்திருந்தால் நடைமுறையிலும் சரி. அக்காவுக்கு இருந்தது இரண்டு அடுக்குக் கருப்பு, தோல் பிடிக்கும் அளவுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. அதன் மேல் ஆரஞ்சு போட்டால் இரண்டு மாதம் அழகாக இருக்கும், பிறகு ஆரஞ்சு வெளுத்து நீலம் பழையபடி மேலே வரும். அப்போது எடுக்க வேண்டியது மூன்று அடுக்கு. மேலும், தப்பான இடத்தில் இருக்கும் வாலை எந்த நிறமும் சரியான இடத்துக்குக் கொண்டுவராது. அதை மறைக்கப் புருவத்தைக் கீழே அகலப்படுத்த வேண்டும், கண் இன்னும் தொங்கும்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது? அன்று காலை எம்.சி. ரோடு பக்கம் மண்டபத்துக்கே போனேன். பீச் ஆரஞ்சு கரெக்டரை விரல் நுனியால் நீலத்தின் மேல் தட்டினேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க, நீலம் தோல் நிறத்துக்குள் அமிழ்ந்தது. அதன் மேல் ஃபவுண்டேஷன், பவுடர். பிறகு புருவம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பென்சிலால் வரைந்தேன். "இதையே உள்ள வெச்சா இன்னா?" என்றார். மேலே இருப்பதை ராத்திரி கழுவிவிடலாம் அக்கா என்றேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது, நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவில்லை.

டெஸ்ட் ஸ்பாட்

சர்க்கரை 7.2க்கு இறங்கியது. மார்ச் தொடக்கத்தில் பெரம்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். லேசரை நான் தொடுவதில்லை. கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் செய்யும் வேலை, கண்ணுக்கு ஷீல்டு வைக்க வேண்டும், அது டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். க்யூ-ஸ்விட்ச்டு என்-டி யாக் லேசர், நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் ஒளியைப் பாய்ச்சி மைத் துகளை உடைக்கும் வகை. கருப்புக்கும் நம் மாநிறத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் பொருத்தம். தோலின் சொந்த நிறமி அதை அதிகம் உறிஞ்சாது, ஒளியும் ஆழமாகப் போகும்.

இரண்டு இடத்தில் சோதித்தார். புருவத்தின் நடுவில் ஒரு புள்ளி, சுட்டதும் வெள்ளையாகப் பூத்தது. உள்ளே கிளம்பும் வாயுக் குமிழி அது, அரை மணிக்குள் அடங்கிவிடும். எதிர்பார்த்ததுதான். இடது வால் நுனியில் அடுத்த புள்ளி. அதுவும் பூத்தது. வெள்ளை அடங்கியதும் அடியில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. முன்பு இருந்ததைவிடக் கருப்பு. டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "இங்க யாராவது தோல் கலர்ல, வெள்ளையா ஏதாவது வெச்சாங்களா?"

"ஆமா. 2019ல வேற ஒரு இடத்துல. வாலு தொங்குது, மறைக்கிறேன்னு சொல்லி ஒரு மை வெச்சாங்க. அது கருப்பு இல்லியேம்மா, அதான் சொல்லல."

தோல் நிற மையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும், சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொருள். லேசர் பட்டால் அது வேதியியல் மாற்றம் அடைந்து சாம்பலாகவோ கருப்பாகவோ ஆகிவிடலாம். சிவப்பு இரும்பு ஆக்சைடும் அப்படித்தான், துருப்பிடித்த சிவப்பு கருத்த இரும்பாக மாறுவது போல. ஒரு புள்ளியோடு நின்றதால் பிழைத்தோம். டெஸ்ட் ஸ்பாட் வைக்காமல் முழு வாலையும் சுட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்தத் தோல் நிற மறைப்பை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன், ஒளிக்கவில்லை. 2018இல் ஒரு பெண்ணுக்குப் புருவத்தின் கீழ்விளிம்பில் வைத்தேன். அன்று பார்க்க மாயம் போல இருந்தது. ஆறு மாதம் கழித்து வெயிலில் அவர் தோல் கருத்தது, மை கருக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு போல வெளிறி நின்றது. அன்றோடு அந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். ஆனாலும் வருகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது என் முதல் கேள்வியே அதுதான். "எத்தனை முறை போட்டீங்க" என்று கேட்பதில்லை. "கருப்பு இல்லாமல் வேற கலரில் ஏதாவது வெச்சாங்களா" என்று கேட்கிறேன்.

திட்டம் மாறியது. புருவத்தின் உடல் பகுதிக்கு லேசர், வால் இரண்டுக்கும் சலைன்.

உப்பு, கருவாடு, இட்லிக் குண்டான்

சலைன் என்பது அடர்த்தியான உப்புக் கரைசல். பிக்மென்டுக்குப் பதில் அதை ஊசியில் தொட்டு, பழைய மை இருக்கும் இடத்தில் மேலாகக் குத்த வேண்டும். உப்பு திசுவில் இருக்கும் நீரை மேலே இழுக்கிறது, நீரோடு கொஞ்சம் துகளும் வந்து பொருக்கில் ஒட்டிக்கொள்கிறது. பொருக்கு தானாக விழும்போது அந்த மையும் போகும். நிறத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை என்பதால் வெள்ளையானாலும் கருப்பானாலும் அதற்கு ஒன்றுதான். "கருவாடு போடற மாதிரின்னு சொல்லு" என்றார் அக்கா. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது.

மார்ச் கடைசியில் முதல் லேசர். லேசாகச் சிவந்து வீங்கி மூன்று நாளில் அடங்கியது. பெரிய பொருக்கு இல்லை. புருவ முடி சில நுனியில் வெளுத்திருந்தது, அது புதிதாக வளரும். இது சுலபமாகப் போனதில் எனக்கு எச்சரிக்கை குறைந்துவிட்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் வால் இரண்டிலும் முதல் சலைன். வீட்டுக்குப் போகும்போது வழக்கமான தாளைக் கொடுத்தேன். பொருக்கைக் கிள்ளாதீர்கள், சோப்பு போடாதீர்கள், வெயிலில் நிற்காதீர்கள், நீச்சல் குளம் வேண்டாம், சானா (சூடான ஆவி அறைக் குளியல்) வேண்டாம். பயிற்சியில் கொடுத்த ஆங்கிலத் தாளை நானே தமிழில் எழுதி அச்சடித்தது. தண்டையார்பேட்டையில் யார் சானாவுக்குப் போகிறார்கள்?

நாலாம் நாள் போட்டோ அனுப்பினார். பொருக்கு ஊறி, பாதி உரிந்து, அடியில் ரோஜா நிறத்தில் ஈரம். கிள்ளினீர்களா என்று கேட்டேன். சாமி சத்தியமாக இல்லை என்றார். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு நேரே கடைக்குப் போய் நின்றேன். பெரிய குண்டானின் மூடியைத் திறக்கிறார், ஆவி குபுக்கென்று எழும்பி முகத்தை முழுதாக மூடுகிறது. இடுக்கியால் தட்டை எடுக்கிறார், குனிகிறார், மறுபடி ஆவி. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, காலையில் நாலு மணி நேரம், சாயந்திரம் மூணு மணி நேரம். இடையில் முந்தானையால் நெற்றியைத் துடைப்பு. சானா எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தப்பு அவர் மேல் இல்லை. தாளில் எழுதியிருந்ததை அவர் ஒன்றுகூட மீறவில்லை. பொருக்கு சீக்கிரம் கழன்ற இடத்தில் பழுப்புக் கறை விழுந்தது. நம் தோலில் எந்தக் காயமும் ஆறிய பின் கருமை விட்டுப்போகும், மேல்தோல் இளசாக இருக்கும்போது வெயில் பட்டால் அது இன்னும் கூடும். வெளியே அக்னி நட்சத்திரம். டாக்டர் கொடுத்த க்ரீம், சன்ஸ்க்ரீன், தலையில் துண்டு என்று ஓட்டினோம். கறை முழுதாக மங்க ஜூலை ஆனது. அதுவரை வாலைத் தொடவில்லை, ஜூனில் உடல் பகுதிக்கு மட்டும் இரண்டாம் லேசர். இப்போது தாளில் "சானா" இல்லை. அந்த இடத்தில் ஒரு காலி வரி இருக்கிறது. வருகிறவர் காலையில் எழுந்ததிலிருந்து என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு நானே கையால் நிரப்புகிறேன். மீன் வெட்டுபவருக்கு ஒன்று, ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுபவருக்கு ஒன்று, இஸ்திரி போடுபவருக்கு இன்னொன்று.

ஆகஸ்டிலும் அக்டோபரிலும் இரண்டு சலைன். இந்த முறை பத்து நாள் தங்கச்சி குண்டான் பக்கம், அக்கா பார்சல் கட்டும் பக்கம். பொருக்கு ஒன்பதாம் நாள் தானாக விழுந்தது, அடியில் சாம்பலின் வீச்சு பாதியாகக் குறைந்திருந்தது. செப்டம்பரில் மூன்றாவது லேசர். அக்டோபரோடு போதும் என்று நிறுத்தினோம். தோலை வெறுமையாக்குவது நோக்கம் இல்லை, புதியது உட்கார இடம் கிடைத்தால் போதும். 2015இல் புருவத்துக்கு அவர் கொடுத்தது 6,000 ரூபாய். அதை எடுக்க ஆன செலவு அதைப் போல நாலு மடங்குக்கு மேல்.

புதிய புருவம்

2025 பொங்கல் கழித்து. படுக்க வைத்து அளக்கவில்லை, உட்கார வைத்தேன். மை தோய்த்த நூலால் கோடு எடுத்தேன், இரண்டு பக்கமும் சரி. பிறகு கடைக் கதையைக் கேட்டேன். பேச ஆரம்பித்ததும் வலது புருவம் ஜிவ்வென்று மேலே ஏறியது. பேசும்போதெல்லாம் அவருக்கு அப்படி ஏறும். நூலுக்குச் சமமாக இருந்தது ஆளுக்குச் சமமாக இல்லை. வலது வளைவை ஒரு மில்லிமீட்டர் இறக்கி வரைந்து, மறுபடி பேசவிட்டுப் பார்த்தேன்.

மைக்ரோபிளேடிங் கேட்டார், அவர் மகள் மொபைலில் காட்டியது. மறுத்தேன். பத்து வருஷமாகக் குத்துப்பட்ட தோல், எண்ணெய் வேறு வடியும். பிளேடு கீறும் மெல்லிய முடிக்கோடுகள் இதில் ஒரு வருஷத்தில் கசிந்து ஒன்றாகிவிடும். மெஷினில் ஒற்றை ஊசி, புள்ளி புள்ளியாகப் பவுடர் ஷேடிங். மேல்தோலுக்குச் சற்றே கீழே, அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. ரத்தம் துளிர்த்தால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். தழும்பேறிய இடத்தில் ஊசி தடுக்கும், அப்போது அழுத்தத் தோன்றும், அழுத்தினால் மறுபடி நீலம். பிக்மென்ட், இரும்பு ஆக்சைடு மிகுந்த மிதமான பழுப்பு. சாம்பல் மிச்சம் இருந்த பகுதியில் மட்டும் ஆரஞ்சு இரண்டு சொட்டு, இப்போது அடங்கும் அளவுக்கு அது மெலிந்திருந்தது. முன்பகுதியைக் காற்று மாதிரி விட்டேன். "இன்னும் கருப்பா" என்றார். நம் ஊரில் எல்லாரும் கேட்பது. கருப்பு கேட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்றேன், சிரித்தார்.

பத்தாம் நாள் போன். "இன்னாமா, எல்லாம் போயிடுச்சே? காசு போச்சா?" உரிந்த பிறகு மேல்தோல் மூடி மங்கலாகத் தெரியும் நாள் அது, நாலு வாரத்தில் நிறம் மேலே வரும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் போன் வரும். எல்லோருக்கும் வரும்.

மார்ச் தொடக்கத்தில் டச்-அப். வலது முழுதாகப் பிடித்திருந்தது. இடது வாலுக்கு வெளியே, டெஸ்ட் ஸ்பாட் வைத்த இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு சாம்பல் நிழல் இன்னும் இருக்கிறது. அறை விளக்கில் தெரியாது, வாசலில் நிற்கவைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். இன்னொரு சலைன் வைக்கலாம். தோல் போதும் என்று சொல்வது போலிருந்தது, விட்டுவிட்டேன். அக்காவிடம் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். "அது இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். பிக்மென்டின் பெயர், லாட் எண், ஊசி, தேதி, எங்கே லேசர், எங்கே சலைன், எந்த இடத்தில் தோல் நிற மை மிச்சம் இருக்கலாம் என்பது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே காட்டுங்கள், இரும்பு இருக்கும் மையில் சிலருக்குச் சூடோ உறுத்தலோ வரலாம் என்றும், ஒரு வருஷத்துக்கு ரத்த தானம் கூடாது என்றும் பின்பக்கம் எழுதினேன். இன்னொருவர் ஊசி எடுத்தால் முதலில் இதைக் கையில் கொடுங்கள் என்றேன். சுருக்குப்பையைத் திறந்து, ரேஷன் ஸ்மார்ட் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் சேர்த்துச் செருகிக்கொண்டு, சாயந்திரக் கடைக்கு மாவு எடுக்கணும் என்று இறங்கிப் போனார்.